மூன்றாவது இலை

போன வாரம் கதவைச் சாத்தினாளே, அந்தத் தமிழ்ச்செல்வியை நீங்கள் திட்டித் தீர்த்திருப்பீர்கள். தெரியும். எண்பத்திரண்டு வயசுக் கிழவர் மலேசியாவிலிருந்து மகனையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு, பிறந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறார். வீட்டு மருமகள் அவர் பெயரைக் கேட்டு முகத்தைப் பார்க்கிறாள், 'ஐயோ' என்கிறாள், கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுகிறாள். யாருக்குத்தான் கோபம் வராது? எழுதிய எனக்கே வந்தது. ஆனாலும் கொஞ்சம் பொறுங்கள். அவள் பக்கத்தையும் கேட்டுவிட்டு, அப்புறமும் திட்டத் தோன்றினால் தாராளமாகத் திட்டுங்கள்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. செங்கல்வராயன் பதினெட்டு வயதில், அச்சரப்பாக்கத்தை ஒட்டிய கருங்கொளத்தூரிலிருந்து மலாயாவுக்குக் கப்பல் ஏறினார். நடுவில் யுத்தம் வந்தது. சயாமில் ரயில் பாதை போட இழுத்துப் போன கூட்டத்தில் அவரும் போனார். போனவர்களில் ஒருத்தரும் மிஞ்சவில்லை என்று ஊருக்குச் செய்தி வந்தது. அண்ணன் அழுதார், தம்பிக்குக் கருமாதியும் செய்து முடித்தார்.

தம்பியோ பிழைத்துக்கொண்டார். கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பால் வடிய மரப்பட்டையைக் கீறுகிற 'மரம் வெட்டு' வேலை பார்த்து, கல்யாணம் கட்டி, பிள்ளை பெற்று, பேத்தியும் பார்த்துவிட்டு, இந்த 2002 வைகாசியில்தான் முதல் தடவையாகக் குடும்பத்தோடு ஊருக்கு வந்திருக்கிறார். ஊர்க் கணக்கில் அவர் செத்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது.

இதுதான் சிக்கல். இனி இன்றைய பொழுது.

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த லாட்ஜில், கட்டிலின் ஓரத்தில் பெரியவர் உட்கார்ந்திருந்தார். முன்னால் பொட்டலத்தில் இரண்டு இட்லி ஆறிக்கொண்டிருந்தது.

"சாப்பிடுங்கப்பா," என்றார் மகன் ஹரிகிருஷ்ணன். கிள்ளான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். எவ்வளவு பெரிய பெட்டியையும் அசைத்துவிடுவார். அப்பாவை அசைக்க அவருக்கு வழி தெரியவில்லை.

"வாணாம்."

"நேத்து மத்தியானத்திலிருந்து வெறும் டீதான் ஓடுது."

"டீ நல்லாத்தான் கீது. இன்னொண்ணு சொல்லு."

"நாளை மறுநாள் பிளைட். மயக்கம் போட்டு விழுந்தா என்ன பண்றது? அவங்க வேணாம்னு கதவைச் சாத்திட்டாங்க. நாளைக்கு மகாபலிபுரம் பார்த்துட்டுக் கிளம்பிடலாம்பா."

"கோயிலு, கல்லு எல்லாம் நீங்க பாருங்க. எனக்கு அந்த வூட்டுல, நடுவூட்டுல உக்காந்து ஒரு வேள சோறு தின்னணும். அதுக்குத்தான் வந்தேன். அத தின்னாம வேற எத தின்னாலும் தொண்டையில எறங்காது."

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஜங்ஷனில் எலக்ட்ரிக் ரயில் ஊதிக்கொண்டு போனது.

அந்த நேரம் கையில் டீ டம்ளரோடு உள்ளே ஓடி வந்தாள் அனு. ஹரியின் மகள். பத்தொன்பது வயசு.

"தாத்தா! கீழே டீக்கடைக்காரர் உங்க மாதிரியே பேசறார்லா! 'இன்னா பாப்பா, எந்த ஊரு, எங்க வந்துகீற'ன்னு கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அப்புறம் பாத்தா, கடையில நிக்கற எல்லாருமே அப்படித்தான் பேசறாங்க."

"வேற எப்பிடி பேசுவாங்க?"

"இது நீங்களா கண்டுபிடிச்ச பாஷைன்னு இல்ல நெனச்சிட்டிருந்தேன்!"

தோட்டத்தில் தாத்தாவின் 'இன்னா'வுக்கும் 'கீது'வுக்கும் சிரிக்காத ஆள் கிடையாது. அனுவே பள்ளிக்கூட நாடகத்தில் அவர் மாதிரி பேசிக் கைதட்டு வாங்கியிருக்கிறாள். இப்போது அவளுக்கு அதை நினைத்தால் வெட்கமாக இருந்தது. ஒரு ஊரே பேசுகிற பேச்சை அவர் ஒற்றை ஆளாகத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறார்.

பெரியவர் நேற்றிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தார். டீயையும் வாங்கிக்கொண்டார். இட்லியை மட்டும் தொடவில்லை.

கதவு தட்டப்பட்டது. துரை நின்றிருந்தார். பெரியவருடைய அண்ணன் மகன், தமிழ்ச்செல்வியின் புருஷன். விடியற்காலையில் சுற்று வட்டாரத்துப் பிள்ளைகளை வேனில் ஏற்றிக்கொண்டு போய் சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துத் தொழிற்சாலைகளில் இறக்கிவிட்டு வருவது அவருடைய பிழைப்பு. இறக்கிவிட்ட கையோடு நேரே இங்கே வந்திருந்தார்.

"சித்தப்பா, மன்னிச்சிக்குங்க," என்று காலில் விழப் போனவரைப் பெரியவர் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"இன்னாடா துரை, செத்தவன் காலுல வுழற?"

"அத சொல்லத்தான் வந்தேன். பூசாரிய கேட்டேன். கருமாதி ஆன ஆளு சும்மா அப்பிடியே வூட்டுக்குள்ள வரக்கூடாதாம். திரும்ப பொறந்துதான் வரணுமாம்."

"பொறந்தா?" என்றாள் அனு.

"ஆமா பாப்பா. வாசல்ல தூளி கட்டி, அதுல படுக்க வெச்சி, நாக்குல சர்க்கரத் தண்ணி சேனை தொட்டு வெச்சி, காதுல பேரு சொல்லி, பொறந்த புள்ளைக்கு இன்னா இன்னா செய்வோமோ அத்தினியும் செய்யணும். அப்பால எந்த தோஷமும் இல்ல, வரலாம் போவலாம்."

ஹரிகிருஷ்ணனுக்குச் சுள்ளென்று வந்தது. "எண்பத்திரண்டு வயசு மனுஷனைத் தூளியில போடுவீங்களா அண்ணே? ஊரே கூடி வேடிக்கை பார்க்கவா? எங்கப்பா என்ன பேயா?"

"நீ சும்மா இருடா," என்றார் பெரியவர். "துரை, நல்ல கெட்டிப் புடவையா பாத்துக் கட்டு. கிழிஞ்சி வுழுந்தா இடுப்பு பூடும்."

அவ்வளவுதான். அவருக்குச் சோறு கிடைத்தால் போதும், இன்னொரு தடவை பிறக்கவும் தயார்.

ஆனால் துரை இன்னும் நிலைப்படியிலேயே நின்றார். தோள் துண்டை எடுத்துக் கையில் சுற்றினார்.

"இன்னாடா பேஜாரு?"

"அம்மா மொறைக்கு ஒருத்தி வேணும், சித்தப்பா. அத்த மொறைக்கு ஒருத்தி வேணும். அம்மா மொறைக்கு என் வூட்டுக்காரிதான். அவ ஒத்துக்கவே மாட்டேங்கறா. கேட்டா அழுவறா. எதுக்கு அழுவறன்னு கேட்டா, அதுக்கும் அழுவறா."

"அத்த மொறைக்கு?"

"அந்த வூட்டுல பொறந்த பொண்ணா இருக்கணும். எனக்குக் கூடப் பொறந்த பொண்ணு கெடையாது. ஜெகதாம்பா அத்த ஒருத்திதான்."

பெரியவர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். கப்பலேறும்போது தங்கை ஜெகதாம்பாளுக்கு ஏழு வயது.

"எப்பிடி கீறா?"

"நல்லா கீறாங்க. மகாபலிபுரத்துக்கு இந்தாண்ட சவுக்குத் தோப்பு. உங்க கருமாதி அன்னிக்கே, 'எங்கண்ணன் சாவல, எதுக்குடா மொட்ட அடிச்சிக்கிறீங்க'ன்னு சண்ட போட்டு, அப்பலேர்ந்து எங்கப்பாகிட்ட பேச்சே இல்ல. கல்யாணம் ஆன பின்னாடி எங்க வாசப்படி மிதிச்சது கெடையாது. நேத்து போன் போட்டேன்."

"இன்னா சொன்னா?"

துரை தயங்கினார். "'அவன் உசுரோட கீறான்னு நான் கத்தினப்ப ஒருத்தனும் கேக்கல, இப்ப பேரு வெக்க மட்டும் நான் வரணுமா'ன்னு வெச்சிட்டாங்க."

"அவ சொன்னதுல இன்னா தப்பு?" என்றார் பெரியவர்.

துரையின் வேனில் ஹரி ஏறிக்கொண்டார். அந்த அண்ணியிடம் நேருக்கு நேர் நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று முடிவு. மதுராந்தகம் ஏரி தரை தெரியக் கிடந்ததையும், ஜி.எஸ்.டி. சாலையில் லாரிகள் வரிசையாக நின்றதையும் பார்த்துக்கொண்டே, கேட்க வேண்டிய நாலு வார்த்தையையும் மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். நன்றாகத்தான் வந்தது.

கருங்கொளத்தூர் வீட்டின் பின்பக்கம் போனதும் அந்த நாலும் மறந்துபோயின. காரணம், வாசனை. மண் சட்டியில் கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் கழுவித் துடைத்த நாலடுக்கு டிபன் கேரியர். தமிழ்ச்செல்வி அடுப்பின் முன்னால் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். புகையாலா அழுகையாலா என்று சொல்ல முடியவில்லை.

ஹரியைப் பார்த்ததும் விருட்டென்று எழுந்தாள். "வாங்க தம்பி. மாமா நேத்திலேர்ந்து பட்டினியாமே? இவரு போன்ல சொன்னாரு. தோ, ஆயிடுச்சி. கேரியர்ல போட்டுக் குடுத்துடறேன். சூடா எடுத்துகினு போயிடுங்க."

"அண்ணி," என்றார் ஹரி. கோபப்படத்தான் பார்த்தார். "வீட்டுக்குள்ள விட மாட்டீங்க, சோறு மட்டும் குடுத்து அனுப்புவீங்களா? எங்கப்பாவைப் பார்த்தா அவ்வளவு பயமா இருக்கா?"

"பேயின்னு பயந்தா கதவ சாத்தினேன்? ஐயய்ய, இல்ல தம்பி!" அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "வெக்கமா பூட்சி. எனக்கு அவரு மூஞ்சில முழிக்க முடியல."

"என்ன வெக்கம்?"

சொல்லலாமா வேண்டாமா என்று துரையைப் பார்த்தாள். துரை, "சொல்லேன், எங்கிட்டதான் சொல்ல மாட்டேன்ற," என்றார்.

சொன்னாள். அதை நான் சுருக்கிச் சொல்கிறேன், அவள் சொன்னபடி சொன்னால் இந்த இதழ் முழுக்க அழுகையாகிவிடும்.

அந்த வீட்டில் போகிக்குப் போகி, செத்தவர்களுக்கு நடுவீட்டில் படையல் உண்டு. மூன்று இலை. முதல் இலை மாமனாருக்கு, இரண்டாவது மாமியாருக்கு, மூன்றாவது மலாயாவில் செத்துப்போன சின்ன மாமாவுக்கு. மூன்றாவது இலையில் கருவாட்டுக் குழம்பு கட்டாயம். அவருக்கு அது உயிர் என்று மாமியார் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். எல்லாவற்றையும் பரிமாறி, இலையைச் சுற்றித் தண்ணீர் விட்டு, கும்பிட்டு, வெளியே வந்து கதவைச் சாத்திவிட வேண்டும். பெரியவர்கள் வந்து சாப்பிடட்டும் என்று கொஞ்ச நேரம் வெளியே காத்திருக்க வேண்டும். எல்லார் வீட்டிலும் நடப்பதுதான்.

அந்தக் கொஞ்ச நேரத்தில் தமிழ்ச்செல்வி பேசுவாள். சாத்திய கதவோடு வாயை வைத்து, மெதுவாக. இருபத்தெட்டு போகியாக.

"மாமியார்கிட்ட பேச மாட்டேன் தம்பி. அந்தம்மா உசுரோட இருந்தப்பவே நான் சொல்றத கேட்டதில்ல, செத்தப்பறமா கேக்கப்போவுது? மாமனாரு கோவக்காரரு. சின்ன மாமா ஒருத்தருதான் என்ன ஒரு வார்த்த திட்டாத மனுசன். பாத்ததே இல்லியா, எல்லாத்தையும் அவருகிட்ட சொல்லுவேன். இவரு அப்போ குடிச்சிகினு இருந்தாரு. அதயும் சொன்னேன்..."

துரை சட்டென்று கிணற்றுப் பக்கம் பார்த்தார்.

"ஏழு வருசம் வயித்துல ஒண்ணும் தங்கல. ஊருல பேசாத பேச்சு இல்ல. 'மாமா, நீங்கதான் ஒரு வழி காட்டணும்'னு அந்தக் கதவுல தலைய முட்டிகினு அழுதேன். அடுத்த போகிக்கு சியாமளா வயித்துல கீறா. இப்ப அவளுக்கு ஆவணியில கல்யாணம். மொத பத்திரிகை உங்க இலையிலதான் மாமான்னு சொல்லி வெச்சிருக்கேன்." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "அவரு உசுரோட அங்க மரம் வெட்டிகினு இருந்திருக்காரு தம்பி. அப்போ நான் இத்தினி வருசமா யாருகிட்ட பேசினேன்? யாரு கேட்டாங்க?"

சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தாள்.

"அவர உள்ள உக்கார வெச்சி சோறு போட்டுட்டா, அந்த இலை அதோட பூட்சி. அடுத்த போகிக்கு ரெண்டே இலைதான். நான் யாருகிட்ட போயி பேசறது? சொல்லுங்க."

சொல்லுங்கள் பார்ப்போம், உங்களில் யாராவது. அவளைத் திட்டியவர்கள் முதலில் சொல்லுங்கள்.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. பெரியவர் லாட்ஜில் உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல், அனுவை இழுத்துக்கொண்டு பஸ் பிடித்து அச்சரப்பாக்கம் வந்து, அங்கிருந்து ஆட்டோவில் வந்து இறங்கியிருந்தார். உள்ளே வரவில்லை. வேப்பமரத்தடியில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நான் படி ஏறல," என்று உரக்கச் சொன்னார். "பயப்படாத அம்மாடி. வெளியதான் கீறேன்."

தமிழ்ச்செல்வி வீட்டுக்குள் போனாள். நடுவீட்டைத் தாண்டி வாசற்கதவுக்கு வந்தாள். கதவைப் பாதி சாத்தி, பின்னால் மறைந்து நின்றாள். அவளுக்கு அவரிடம் பேசத் தெரிந்த இடம் அதுதான். கதவுக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவர். இன்றைக்கு உள்ளும் வெளியும் மாறியிருந்தது, அவ்வளவுதான்.

"மாமா," என்றாள்.

"சொல்லும்மா."

பின்பக்கம் சொன்ன அத்தனையையும் மறுபடி சொன்னாள். இந்தத் தடவை அழாமல் சொன்னாள், அதுதான் அதிசயம். மூன்று இலையைச் சொன்னாள், குழந்தையைச் சொன்னாள், பத்திரிகையைச் சொன்னாள்.

பெரியவர் நாற்காலியைக் கதவுப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணும் கேக்கல அம்மாடி," என்றார். "பொய் சொல்லி இன்னா ஆவப்போவுது? ஒரு வார்த்தகூட எனக்குக் கேக்கல. நான் இன்னா சாமியா? என் பொஞ்சாதி காய்ச்சல்ல கெடந்தப்ப பக்கத்துலயே உக்காந்திருந்தேன். ஒண்ணும் பண்ண முடியல. உனக்குப் புள்ள பொறந்தது உன் நல்ல மனசுக்கு. எனக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல."

கதவு இன்னும் ஒரு விரல் அளவு சாத்திக்கொண்டது.

"ஆனா ஒண்ணு கேளு. ஏன் ஊருக்குப் போவலன்னு எம்புள்ள நூறு வாட்டி கேட்டிருப்பான். நான் பதில் சொன்னதில்ல. கப்பல் ஏறினவன் கை நெறைய துட்டோட வருவான்னு பாப்பாங்க. நான் சயாம்லேர்ந்து கோமணத்தோட மிஞ்சினவன். எந்த மூஞ்சியோட வர்றது? அப்பால கொஞ்சம் காலூணினப்ப, இந்நேரம் மறந்திருப்பாங்க, நான் இன்னாருன்னு சொல்லிகினு போயி நிக்கணுமான்னு இருந்துச்சி. அப்பிடியே காலம் பூட்சி." அவர் மூக்கை உறிஞ்சினார். "இங்க நீ வருசா வருசம் எனக்கு இலை போட்டுகினு இருந்திருக்க. என்ன உக்கார வெச்சி கஷ்ட நஷ்டம் பேசிகினு இருந்திருக்க. எனக்குத் தெரியாம பூட்சே அம்மாடி. தெரிஞ்சிருந்தா நடந்தே வந்திருப்பேன்."

கிழவர் அழுதார். கைக்குட்டை தேடாமல், முகத்தை மூடாமல், சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். தன் தகப்பன் அழுது ஹரி பார்த்ததே இல்லை, அம்மா செத்த அன்றுகூட. என்ன செய்வதென்று தெரியாமல் அவர் தோளில் கை வைத்தார்.

"அடுத்த போகிக்கு?" என்று கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டது. சின்னக் குரல்.

"போன் போட்டுப் பேசு. நம்பர் தரேன். இந்த வாட்டி பதில் வரும்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆனா கத்திப் பேசணும். ஒரு காது மந்தம்."

கதவு திறந்தது.

அதற்கப்புறம் நடந்ததைக் கருங்கொளத்தூர் இன்னும் ரொம்ப நாளைக்குச் சொல்லிச் சிரிக்கும். தமிழ்ச்செல்வி உள்ளே ஓடிப் போய்த் தன் கல்யாணப் பட்டுப் புடவையை எடுத்து வந்தாள். "நல்ல கெட்டிப் புடவ வேணும்னு கேட்டாராமே, இத விட கெட்டி இந்த வூட்டுல இல்ல." துரை அதை வேப்பமரக் கிளையில் நாலு முடிச்சுப் போட்டுத் தூளி கட்டினார். பூசாரி வந்தார். துரை ஒரு பக்கம், ஹரி ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள, செங்கல்வராயன் தூளிக்குள் குந்தினார். கால் இரண்டும் வெளியே தொங்கின. கிளை ஒரு தடவை முனகிவிட்டுத் தாங்கிக்கொண்டது.

"மெதுவா ஆட்டுங்கடா, தல சுத்துது. வெறும் வயிறு."

அனு கேமராவைத் தூக்கினாள், சிரித்துச் சிரித்துப் படம் எடுக்க முடியாமல் கீழே வைத்தாள். பந்தல்காரரைப் பார்க்கப் போயிருந்த சியாமளா அப்போதுதான் வந்து சேர்ந்தாள். மரத்தில் தொங்குகிற அம்மாவின் கல்யாணப் புடவையையும் அதற்குள் இருக்கிற தாத்தாவையும் பார்த்து வாயைப் பிளந்தாள்.

"இவரு இனிமே உன் தம்பிடி," என்றார் துரை. பிறகு ஹரியிடம் திரும்பினார். "நீ எனக்குத் தம்பி. இவரு எனக்குப் புள்ள. அப்போ உங்கப்பனுக்கு நீ சித்தப்பன். பாத்து மரியாதையா வளத்துக்க."

ஹரிக்கு அடக்க முடியவில்லை. காலையில் 'எங்கப்பா என்ன பேயா' என்று கத்தியவர் அவர்தான். இப்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

தமிழ்ச்செல்வி மட்டும் சிரிக்கவில்லை. கிண்ணத்தில் சர்க்கரைத் தண்ணீர் கரைத்து எடுத்து வந்தாள். சேனை வைக்கிறவர்களுடைய குணம்தான் பிள்ளைக்கு வரும் என்பார்கள்; அதனால் யாரும் அதை விளையாட்டாகச் செய்ய மாட்டார்கள். விரலைத் தோய்த்தாள். கிழவர் கண்ணை மூடி வாயைத் திறந்தார். பல் நாலைந்துதான் மிச்சம். அவள் அவருடைய நாக்கில் விரலை வைத்தபோது, வாய்க்குள் என்னமோ முணுமுணுத்தாள். என்ன சொன்னாளோ, யாருக்கும் கேட்கவில்லை. பெரியவருக்குக் கேட்டிருக்க வேண்டும், தலையை ஆட்டினார்.

"இனிப்பு," என்றார் கண்ணைத் திறந்து. "பேரு வெய்யுங்க. பசிக்குது."

பூசாரி கையைப் பிசைந்தார். "பேர மட்டும் அத்ததான் காதுல சொல்லணும். அது இல்லாம முடியாதே."

துரை, "நான் வேணும்னா இன்னொரு வாட்டி போன்..." என்று ஆரம்பித்தார்.

"வாணாம்," என்றார் தூளிக்குள் இருந்தவர். "அவ எதுக்கு வரணும்? புள்ளையதான் அத்தகிட்ட தூக்கிகினு போவணும். நாளைக்கு மகாபலிபுரம் போவலாம். அதுவரிக்கும் பேரு இல்லாத புள்ளையா இருந்துட்டுப் போறேன். பேரு இல்லன்னா சோறு போட மாட்டீங்களா?"

"உங்கள தன் வாசப்படி ஏத்த மாட்டேன்னும் அத்த சொன்னாங்க சித்தப்பா," என்றார் துரை, குரலைத் தணித்து. "காலையில உங்ககிட்ட சொல்லல."

பெரியவர் அவரை ஒரு பார்வை பார்த்தார். "அது நாளைய பாடு. மொதல்ல எறக்கி வுடு."

செங்கல்வராயன் வலது காலை எடுத்து வைத்து வீட்டுக்குள் போனார். நிலைப்படியை ஒரு கையால் தடவிப் பார்த்தார். வீடு மாறியிருந்தது; டைல்ஸ் போட்டிருந்தார்கள், மூலையில் டிவி இருந்தது. நடுவீடு மட்டும் அதே இடத்தில் இருந்தது.

பூசாரியை அனுப்பத் துரை தெருவுக்குப் போனார். ஹரியும் அனுவும் குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். பட்டினி கிடந்தவர் முதலில் சாப்பிடட்டும் என்று தமிழ்ச்செல்வி அவருக்கு மட்டும் இலை போட்டாள். சுவரோரம், இடப்பக்கம், மூன்றாவது இலை போடும் இடம். சோறு, மொச்சைப் பொரியல், முருங்கைக்கீரை, நடுவில் கருவாட்டுக் குழம்பு. இருபத்தெட்டு வருஷமாகப் பழகின கை. இலையைச் சுற்றித் தண்ணீர் விட்டது. கும்பிட்டது. அவள் பின்னாலேயே நடந்து வெளியே வந்தாள். கதவைச் சாத்தினாள்.

கால் கழுவிக்கொண்டு வந்த ஹரி அதைப் பார்த்துப் பதறிப் போனார். "அண்ணி! மறுபடியுமா?"

"ஷ்ஷ்," என்றாள் தமிழ்ச்செல்வி. "சாப்பிடறாங்க."

அனு அப்பாவைப் பார்த்தாள். அப்புறம் மெதுவாக, "பெரியம்மா, தாத்தா உள்ளேதானே இருக்கார்? உயிரோடதானே?" என்றாள்.

தமிழ்ச்செல்விக்கு அப்போதுதான் உறைத்தது. "அடக் கடவுளே!" என்று வாயில் கையை வைத்துக்கொண்டாள். கதவைத் தள்ளக் கை நீட்டினாள்.

அதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அம்மாடி!"

நீட்டின கை அப்படியே நின்றது. எத்தனை போகி இந்தக் கதவுக்கு வெளியே நின்று, உள்ளே ஒரு சின்னச் சத்தமாவது வராதா என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள்.

"இன்னா மாமா?" என்றாள். குரல் வெளியே வரவில்லை. காது மந்தம் என்பது ஞாபகம் வந்து கத்தினாள். "இன்னா மாமா?"

"கருவாடு எனக்கு ஆவாதும்மா. சின்ன வயசுலேர்ந்தே ஆவாது, வாயெல்லாம் தடிச்சிடும். அது எங்கண்ணனுக்குத்தான் உசுரு. உங்க மாமியா நான் போன பின்னாடி வந்தவ, அவளுக்கு இன்னா தெரியும்? கொஞ்சம் ரசம் கீதா?"

தமிழ்ச்செல்வி கதவைத் திறந்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது. கருவாட்டை ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார் கிழவர்.

"இத்தினி வருசத்துல ஒரு வாட்டியாவது சொல்லக்கூடாதா மாமா!" என்றாள்.